ருசி மாறிப்போனால்: எது வரைக்கும் பொறுக்கலாம், எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

காய்ச்சல் வந்தால் நாக்கு செத்துப்போகும். எதை வாயில் வைத்தாலும் சப்பென்று இருக்கும். காய்ச்சல் விட்டதும் பசி எடுக்கும், ருசியும் தானாகத் திரும்பும். இதற்காக யாரும் டாக்டரிடம் போவதில்லை, போகவும் வேண்டியதில்லை. ஆனால் இதே மாதிரி சாதாரணமாகத் தொடங்குவது சிலருக்கு முகவாதம், சிறுநீரகக் கோளாறு, பி12 குறைவு என்று வேறெங்கோ கொண்டுபோய் விடுகிறது. எது எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்க்க முடியும்.

முதலில் ஒரு தப்பான அளவுகோலைத் தூக்கி எறியுங்கள். ருசி எவ்வளவு விநோதமாக மாறியிருக்கிறது என்பதை வைத்து ஆபத்தைக் கணிக்க முடியாது. பைன் கொட்டை சாப்பிட்ட சிலருக்கு ஓரிரு நாள் கழித்து எதைத் தின்றாலும் கடுங்கசப்பாக இருக்கும். இரண்டு வாரம்கூட நீடிக்கும். பயந்துபோவார்கள், ஆனால் அது தானாகவே போய்விடும். மறுபக்கம், தலையில் அடிபட்ட ஒருவருக்குத் தொண்டையில் லேசாக உப்புக் கரிப்பது மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விஷயம். எவ்வளவு வேகமாக வந்தது, கூடவே என்னென்ன வந்தது, எத்தனை நாளாக நிற்கிறது: முடிவெடுக்க இந்த மூன்றும்தான் உதவும்.

படி 1: காத்திருக்கக் கூடாத நிலையா என்று பாருங்கள்

மற்ற சோதனைகளெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ருசி மாறியதோடு முகம் ஒரு பக்கம் கோணுகிறதா, கண் மூட மறுக்கிறதா, பேச்சு குழறுகிறதா, ஒரு பக்கக் கையோ காலோ வலுவிழந்ததா? உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். முகத் தசைகளை அசைக்கிற ஏழாவது மண்டை நரம்பின் ஒரு கிளைதான் நாக்கின் முன்பக்கம் மூன்றில் இரண்டு பங்குக்கு ருசியைச் சுமக்கிறது. அதனால் முகவாதம் வரும்போது அதே பக்கம் நாக்கிலும் ருசி மங்கலாம். இது முகவாதமா, மூளையில் ரத்த ஓட்டம் தடைபட்ட பக்கவாதமா என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டாம். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. முகவாதம் என்றாலும் ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். ஆக, எதுவாக இருந்தாலும் தாமதம் நஷ்டம்.

ஏதோ சாப்பிட்டதும், ஊசி போட்டதும், பூச்சி கடித்ததும் வாயில் திடீரென்று உலோக வாடை. கூடவே உதடு தடிக்கிறது, உடம்பு அரிக்கிறது, தொண்டை அடைக்கிறது, மூச்சு வாங்குகிறது. இது கடுமையான ஒவ்வாமையின் தொடக்கமாக இருக்கலாம். அட்ரினலின் ஊசிதான் இதற்கு மருந்து. கையில் இருந்தால் உடனே போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

தலையில் அடிபட்ட பிறகோ, மூக்கு அறுவைக்குப் பிறகோ தொண்டைக்குள் உப்பாகவோ உலோகமாகவோ ருசிக்கிற நீர் இறங்குவதைப் பலர் சளி என்று விட்டுவிடுகிறார்கள். கொஞ்சம் முன்னால் குனிந்து பாருங்கள். ஒரு பக்க மூக்கிலிருந்து மட்டும் நிறமில்லாத வெறும் தண்ணீர் மாதிரி சொட்டுகிறதா? சளி துணியில் காய்ந்தால் மொடமொடவென்று ஆகும். இது தண்ணீராகவே உலர்ந்துவிடும். மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசிவதாக இருக்கலாம், அந்த ஓட்டை வழியாகக் கிருமி ஏறினால் மூளைக்காய்ச்சல் வரும். மூக்கைச் சிந்தாமல் கிளம்புங்கள்.

இன்னும் மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோயாளிக்கு மூச்சில் பழ வாசனையும் அடங்காத தாகமும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அவசரம். கடல் மீன் சாப்பிட்ட சில மணி நேரத்தில் உலோக ருசி, வாயைச் சுற்றிக் கூச்சம், குளிர்ந்த பொருள் சுடுவது மாதிரி தெரிவது என்றால் மீன் நச்சாக இருக்கலாம். வெல்டிங் வேலை, ரசாயனப் புகை ஆகியவற்றுக்குப் பிறகு வாயில் உலோக வாடையும் மூச்சுத் திணறலும் வந்தால், தூங்கி எழுந்தால் சரியாகும் என்று படுத்துவிடாதீர்கள்.

இவற்றில் எதுவுமே இல்லையா? இனி நிதானமாக ஆராயலாம்.

படி 2: பழுது நாக்கிலா, மூக்கிலா?

"ருசியே தெரியல டாக்டர்" என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நாக்கு நன்றாகவே இருக்கும், பழுது மூக்கில். நாக்கு அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (காளான், இறைச்சிச் சாறு போன்றவற்றின் ருசி) என்ற ஐந்தைத்தான். மாம்பழத்தையும் ஆரஞ்சையும் வேறு வேறு என்று சொல்வது, மெல்லும்போது தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் மணம்.

இதைச் சோதிக்கப் பழச்சுவை மிட்டாய் ஒன்று போதும். எந்தப் பழம் என்று பார்க்காமல் எடுங்கள். முதலில் மூக்கை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், பிறகுதான் மிட்டாய் வாய்க்குள் போக வேண்டும். வரிசையை மாற்றினால் சோதனை கெட்டுவிடும். மென்றுகொண்டே இருங்கள். இனிப்பும் கொஞ்சம் புளிப்பும் மட்டும் தெரியும், என்ன பழம் என்று சொல்ல வராது. இப்போது மூக்கை விடுங்கள். பழத்தின் மணம் குப்பென்று ஏறினால் உங்கள் மூக்கு வேலை செய்கிறது. விட்டபின்னும் ஒன்றும் மாறவில்லை, ஆனால் இனிப்பு தெரிகிறது என்றால் கோளாறு வாசனையில். சளி, ஒவ்வாமை, சைனஸ், மூக்குச் சதை, கோவிட், தலைக்காயம் என்று காரணத்தை அந்தத் திசையில் தேட வேண்டும். இனிப்பே தெரியவில்லை என்றால் பழுது ருசியிலேயே.

பின்னது அரிது. நாக்குக்கும் தொண்டைக்கும் இடமும் வலமுமாக மும்மூன்று நரம்புகள் ருசியைக் கொண்டுபோகின்றன. ஒன்று கெட்டால் மற்றவை ஈடுகட்டிவிடும். அப்படியிருந்தும் எல்லா ருசியும் போய்விட்டது என்றால் மருந்து, சத்துக்குறைவு, கதிர்வீச்சு, உள்நோய் என்று உடம்பு முழுவதையும் தொடுகிற காரணம் இருக்க வாய்ப்பு அதிகம். எனவே இவர்கள் மூக்கடைப்புக்காரர்களைப் போல வாரக்கணக்கில் காத்திருக்கக் கூடாது.

இன்னும் நுணுக்கமாகப் பார்க்க விரும்பினால் உப்புத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத காபி ஆகியவற்றைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சுக் குச்சியில் தொட்டு, நீட்டிய நாக்கின் இடது ஓரத்தில் ஒன்று, வாய் கொப்பளித்துவிட்டு வலது ஓரத்தில் ஒன்று. நாக்கை உள்ளே இழுக்கும் முன்பே என்ன ருசி என்று எழுதிக்காட்ட வேண்டும். இழுத்துவிட்டால் ருசி வாய் முழுக்கப் பரவி, பக்க வித்தியாசம் மறைந்துவிடும். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் பாடத்தில் வந்த நாக்குப் படத்தை நம்பிக் குழம்பாதீர்கள், அது தவறு. ருசி மொட்டுகள் உள்ள எந்த இடமும் எல்லா ருசியையும் அறியும். ஒரு பக்கம் மட்டும் மங்கியிருந்தால் அந்தப் பக்கத்துக் காது, பல், நரம்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள்.

படி 3: டார்ச்சும் கண்ணாடியுமாக வாயைப் பாருங்கள்

நல்ல வெளிச்சத்தில் நாக்கின் மேல்பக்கம், இரண்டு ஓரங்கள், நாக்கைத் தூக்கி அடிப்பக்கம், கன்னத்தின் உட்புறம், ஈறு. ஓரத்தையும் அடியையும்தான் பலர் பார்ப்பதே இல்லை. வாய்ப் புற்றுநோய் அதிகமாகத் தொடங்குகிற இடங்களில் அவையும் உண்டு.

துடைத்தால் உரிந்து வருகிற வெள்ளைப் படலம் என்றால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் அடித்துவிட்டு வாய் கொப்பளிக்காதவர்களுக்கும், ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கும், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும் வரும். மருந்தில் சரியாகிவிடும். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, கட்டி, மூன்று வாரம் ஆகியும் ஆறாத புண், இவை வேறு ரகம். வலி இல்லை என்பது ஆறுதல் அல்ல, தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. புகையிலைப் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் காட்டுங்கள்.

நாக்கு சொரசொரப்பு போய் வழவழவென்று சிவந்திருந்தால் பி12, இரும்பு, ஃபோலேட் குறைவைச் சந்தேகிக்கலாம். ஈறில் ரத்தமும் சீழும் என்றால் பல் டாக்டர். வாய் எப்போதும் காய்ந்து, ரொட்டியை விழுங்கக்கூடத் தண்ணீர் தேவைப்படுகிறதா? எச்சிலில் கரையாத எதையும் நாக்கு அறியாது. உலர்வுக்குக் காரணம் பெரும்பாலும் மருந்து. கண்ணும் சேர்ந்து காய்ந்து உறுத்தினால் ஷோகிரன் நோய் என்ற நோய் எதிர்ப்பாற்றல் கோளாறையும் பார்க்க வேண்டும். பார்வைக்கு வாய் சுத்தமாக இருந்தும் மாதக்கணக்கில் எரிச்சலும் கசப்பும் இருப்பவர்கள் உண்டு, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இது அதிகம். "வாயில் ஒன்றுமில்லையே, மனப்பிரமை" என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அதற்கும் பெயரும் சிகிச்சையும் இருக்கின்றன.

படி 4: மருந்துச் சீட்டையும் தேதிகளையும் பக்கத்தில் வையுங்கள்

ருசி மாறிய தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களில் புதிதாகத் தொடங்கிய மருந்து, கூட்டிய டோஸ், பல் பிடுங்கியது, காது அல்லது டான்சில் அறுவை, எல்லாவற்றையும் எழுதுங்கள். ஏழாவது நரம்பின் அந்த ருசிக் கிளை நடுக்காதுக்குள் செவிப்பறையை ஒட்டியே ஓடுகிறது. காது அறுவைக்குப் பிறகு ருசி மாறுவது அதனால்தான். கடைவாய் ஞானப்பல் எடுத்தபின் நாக்கு ஒரு பக்கம் மரத்துப்போய் ருசியும் போனால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் பல் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள்.

மருந்துகளில் பெயர் பெற்றவை சில. ஆன்டிபயாடிக்குகளான மெட்ரோனிடசோல், கிளாரித்ரோமைசின், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் மூன்றும் உலோக ருசி தரும். தூக்கத்துக்குத் தரும் சோபிக்ளோன் மறுநாள் காலையில் கசக்கும். ரத்த அழுத்த மருந்தான கேப்டோபிரில் ருசியை மழுக்கும். கண் அழுத்தத்துக்குத் தரும் அசெட்டசோலமைடு சாப்பிடுகிறவர்களுக்குச் சோடா சுர்ரென்று ஏறாது, கேஸ் போன பானம் மாதிரி இருக்கும். இவை பெரும்பாலும் தொந்தரவே தவிர ஆபத்தில்லை. பூஞ்சைக்குத் தரும் டெர்பினாஃபினில் ருசி போனால் மட்டும் மருந்து எழுதியவரிடம் அன்றைக்கே கேளுங்கள், நிறுத்தியபிறகும் மீள வாரங்கள், மாதங்கள்கூட ஆகலாம். தைராய்டுக்குக் கார்பிமசோல் சாப்பிடும்போது ருசி மாறுவதோடு தொண்டை வலியோ காய்ச்சலோ வந்தால் அதே நாளில் ரத்தப் பரிசோதனை தேவை, வெள்ளணு சரிந்திருக்கக்கூடும்.

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். நாக்கு கசக்கிறது என்று ரத்த அழுத்த மாத்திரையை விட்டவருக்கு வருகிற ஆபத்து கசப்பைவிடப் பெரிது. மாற்று மருந்து அநேகமாக இருக்கும், கேட்டால் தருவார்கள்.

படி 5: உடம்பு வேறு என்ன சொல்கிறது?

காலையில் எழும்போது புளிப்பும் கசப்பும், படுத்தால் நெஞ்செரிச்சல் என்றால் அமிலம் மேலேறுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போய், வாயில் காசைச் சப்பியது போல உலோக ருசி என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. முதல் மூன்று மாதங்களில் இது சகஜம்.

உலோக ருசியோடு வாயில் அம்மோனியா வாடை, அசைவத்தின் மேல் வெறுப்பு, கால் வீக்கம், சிறுநீர் குறைவது அல்லது நுரைப்பது, உடம்பு அரிப்பு எல்லாம் கூடினால் சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக இருப்பவர்கள் இதை ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. பாதத்தில் மதமதப்பும் நடையில் தள்ளாட்டமும் சேர்ந்தால் பி12. மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுவதே பி12ஐக் குறைக்கும் என்பதால், வாயில் உலோக ருசி வந்த சர்க்கரை நோயாளி மருந்தை மட்டும் குறை சொல்லி நிறுத்திக்கொள்ளாமல் பி12 அளவையும் பார்ப்பது நல்லது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். சும்மா இருக்கும்போதே திடீரென்று ஒரு கெட்ட ருசியோ நாற்றமோ வரும். சில வினாடியிலிருந்து ஓரிரு நிமிடத்துக்குள் போய்விடும். ஒவ்வொரு முறையும் அச்சு மாறாமல் அதே மாதிரி வரும். அந்த நேரம் வயிற்றிலிருந்து ஏதோ ஏறுவது போல இருக்கும், சிலர் வெறித்துப் பார்ப்பார்கள். மூளையின் பொட்டுப் பகுதியில் எழும் வலிப்பு இப்படி வரலாம். கை கால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை. நரம்பியல் டாக்டரைப் பார்க்கும்வரை வண்டி ஓட்டாமல் இருங்கள்.

வயதானவர்களுக்குக் காரணமே இல்லாமல் வாசனை மெல்ல மெல்ல மங்குவது பார்க்கின்சன் நோய்க்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குவது உண்டு. வாசனை குறைந்த முதியவர் எல்லோருக்கும் அந்த நோய் வருமென்று அர்த்தமில்லை, வயதானாலே வாசனை குறையும். கையெழுத்து சுருங்குவது, நடை மெதுவாவது, கை நடுங்குவது, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை காலை வீசுவது இவற்றில் ஏதாவது உடன் இருந்தால் போய்க் கேளுங்கள்.

படி 6: நாளை எண்ணுங்கள்

சளிக் காய்ச்சலோடு வந்தது, மூக்கு திறந்ததும் மீண்டு வருகிறது என்றால் இரண்டு வாரம் பொறுக்கலாம். கோவிட்டுக்குப் பிறகு பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பும். நான்கு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் ஈஎன்டி டாக்டரைப் பாருங்கள். காரணமே தெரியாமல் வந்த மாற்றத்துக்கு என் கணக்கு இரண்டு வாரம், அதற்கு மேல் ஊகித்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. மேலே சொன்ன சிறுநீரக அறிகுறி, ஒரு பக்க ருசி இழப்பு, தலைக்காயத்துக்குப் பின் வாசனை போனது, மூக்கின் ஒரே பக்கத்தில் அடைப்பும் ரத்தமும் ஆகியவற்றுக்கு அந்த இரண்டு வாரமும் கிடையாது, அந்த வாரமே போக வேண்டும்.

கீமோதெரபி, ரேடியேஷன் எடுக்கிறவர்களுக்கு ருசி மாறுவது எதிர்பார்த்ததே. ஆனாலும் சிகிச்சைக் குழுவிடம் சொல்லாமல் விடாதீர்கள். அவர்கள் கவலைப்படுவது நாக்கைப் பற்றி அல்ல, நீங்கள் சாப்பிடாமல் எடை இழப்பதைப் பற்றி.

படி 7: டாக்டரிடம் எப்படிச் சொல்வது

"வாய் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் விட்டமின் மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். மூன்றில் எது என்று சொல்லுங்கள்: ருசி தெரியவில்லையா, ஒன்று இன்னொன்றாக மாறித் தெரிகிறதா, எதுவும் சாப்பிடாதபோதும் வாயில் ஒரு ருசி நிற்கிறதா? மூன்றுக்கும் காரணங்கள் வேறு. கூடவே தொடங்கிய தேதி, மிட்டாய்ச் சோதனையின் முடிவு, மருந்துப் பட்டியல், எடை.

முதலில் குடும்ப டாக்டர் போதும். ரத்த அணுக்கள், இரும்பு, பி12, தைராய்டு, சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் ஆகியவற்றைப் பார்ப்பார். வாசனைக் கோளாறு என்றால் ஈஎன்டி டாக்டர் மூக்கினுள் எண்டோஸ்கோப்பி செய்து, வாசனை அடையாளச் சோதனையும் வைப்பார். எம்ஆர்ஐ எல்லோருக்கும் வேண்டியதில்லை. தலைக்காயம், நரம்பு அறிகுறிகள், காரணம் பிடிபடாத இழப்பு என்றால் கேட்பார்கள்.

படி 8: சரியாகும்வரை

மணம் தெரியாதவருக்குக் கேஸ் கசிவும் கருகலும் கெட்டுப்போன உணவும் தெரியாது. புகை எச்சரிக்கைக் கருவியும் கேஸ் கசிவுக் கருவியும் வாங்கி மாட்டுங்கள், மீந்த உணவில் தேதி எழுதி வையுங்கள். ருசி தெரியவில்லை என்று உப்பையும் சர்க்கரையையும் அள்ளிப் போடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உப்பின் அளவு நாளைக்கு 5 கிராமுக்கும் கீழே. பதிலாக எலுமிச்சை, மிளகு, மொறுமொறுப்பு, சூடு குளிர்ச்சி வித்தியாசம் இவற்றால் உணவுக்கு உயிர் கொடுங்கள். உலோக ருசி தொல்லை என்றால் ஸ்டீல் கரண்டிக்குப் பதில் மரக் கரண்டி, சூடான சாப்பாட்டுக்குப் பதில் ஆறியது.

துத்தநாக மாத்திரையை எல்லோரும் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறார்கள். குறைவு இருந்தால் உதவும். இல்லாதவர் மாதக்கணக்கில் விழுங்கினால் உடம்பில் செம்பு குறைந்து, ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். நாளைக்கு 40 மில்லிகிராம் என்பதே பெரியவர்களுக்கு உச்ச வரம்பு. மூக்கில் இடுகிற துத்தநாக மருந்துகள் வாசனையையே பறிக்கக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2009இல் எச்சரித்தது.

செலவில்லாமல் செய்யக்கூடியது வாசனைப் பயிற்சி. ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரின் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்ற நான்கு மணங்களைக் காலையும் மாலையும் 12 வாரம் முகரவைத்தார்கள். ஒவ்வொன்றையும் சுமார் 20 வினாடி, அந்த மணம் எப்படி இருந்தது என்று மனதில் கொண்டுவந்தபடி, மெதுவாக முகர வேண்டும். இடையில் காபி கருகிய ரப்பர் மாதிரியும் வெங்காயம் சாக்கடை மாதிரியும் நாறத் தொடங்கினால் கலங்க வேண்டாம். வைரஸ் தொற்றுக்குச் சில மாதங்கள் கழித்து இப்படி ஆவது உண்டு, நரம்பு திரும்ப வளரும் காலத்தில் இது நடப்பதாகக் கருதுகிறார்கள்.

அந்த நாற்றத்துக்குப் பயந்து சாப்பாட்டையே ஒதுக்குவதுதான் பிரச்சினை. வாரம் ஒரு முறை, அதே நேரத்தில், அதே எடை மெஷினில் ஏறி நின்று எழுதி வையுங்கள். முயலாமலே எடையில் நூற்றுக்கு 5 பங்கு குறைந்துவிட்டால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57க்கு வந்துவிட்டால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திராமல் முன்கூட்டியே போய்விடுங்கள்.